எழுத்துப் பிழை இல்லாத மருந்து

காலைச் சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்த பிறகு அவர் இரண்டு மருந்துப் பெட்டிகளை அருகருகே வைத்தார். ஒன்று தீர்ந்துபோன பழையது. இன்னொன்று முந்தின நாள் வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மருந்தின் பெயரைக் கடைசி எழுத்திலிருந்து தலைகீழாகப் படித்தார்.

அச்சகத்தில் பிழை திருத்துவது அவர் வேலை. மெய்யெழுத்தின் மேல் ஒரு புள்ளி விடுபட்டாலும் பிடித்துவிடுவார் என்பதால் அங்கே அவருக்குப் பெயரே 'புள்ளி'தான். தலைகீழாகப் படிப்பது அந்தத் தொழிலின் வழக்கம். நேராகப் படித்தால் மனம் முந்திக்கொண்டு அர்த்தத்தை ஊகித்துவிடும். இல்லாத எழுத்தையும் இருப்பதாகக் காட்டும். தலைகீழாகப் படித்தால் அர்த்தம் கழன்றுவிடும். எழுத்து மட்டும் மிஞ்சும்.

"என்னங்க, எத்தனை மார்க்?" என்றாள் மனைவி.

"ஒன்பது எழுத்து. ஒன்பதும் சரி."

"கல்யாணப் பத்திரிகையிலயே எங்கப்பா பேர்ல பிழை கண்டுபிடிச்ச ஆளாச்சே. நீங்க பார்த்தா சரியாத்தான் இருக்கும்." மாத்திரையைப் பிரித்தவள் ஒரு கணம் நின்றாள். "மஞ்சளா இருக்கே. நம்ம மாத்திரை வெள்ளைதானே?"

"வேற நாட்டுல செஞ்சது. சாயத்தை மாத்தியிருப்பான்."

அவள் தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். குழந்தைகள் காப்பகத்தில், ஒரு வயது நிரம்பாதவர்களைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. அவளுக்குச் சிறு வயதிலிருந்து வலிப்பு உண்டு. ஆனால் காலை ஒன்று, இரவு ஒன்று என்று விடாமல் மாத்திரை போட்டதில், பதினோரு வருடமாக அது எட்டிப் பார்க்கவில்லை.

வழக்கமான மருந்துக்கடைக்காரர் இந்த முறை மாத்திரை கொடுக்க மறுத்திருந்தார். "சீட்டு ஆறு மாசத்துக்குத்தான் சார். ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்திருங்க." டாக்டரைப் பார்க்கப் போனால் அரை நாள் போய்விடும். அச்சகத்திலோ பாடப்புத்தக வேலை தலைக்கு மேல் கிடந்தது. இணையத்தில் தேடியபோது ஒரு மருந்துக்கடை கிடைத்தது. சீட்டு வேண்டாம், வீட்டுக்கே வரும் என்றது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் படத்தில் சிரித்தார். அந்தக் கடை எங்கே இருக்கிறது, யார் நடத்துகிறார்கள் என்று எங்கும் போடவில்லை. விடுபட்ட காற்புள்ளியைக் கண்டுபிடிக்கும் மனிதருக்கு, விடுபட்ட முகவரி கண்ணில் படவில்லை.

எட்டாம் நாள், ஒரு குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டுத் திரும்பியவள் வலிப்பு வந்து அப்படியே விழுந்தாள். பக்கத்துத் தொட்டிலின் இரும்பு விளிம்பு தலையில் அடித்தது. வலிப்பு நின்றது, ஆனால் மூளையில் ரத்தம் கட்டிவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கண் திறந்தாள். வலது கை மட்டும் அசையவில்லை.

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருந்த பெண் அந்தப் பெட்டியைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். பெரிய எழுத்தை அவள் படிக்கவே இல்லை. அதன் கீழே இருந்த பொடி எழுத்தில் விரலை வைத்தாள்.

"ஐயா, இது வயித்துல அமிலத்தைக் குறைக்கிற மருந்து."

"போலியாம்மா?"

"போலி இல்ல. அசல்தான். வேற நோய்க்கு அசல்."

"பேர் ஒண்ணாத்தானே இருக்கு? எழுத்து எழுத்தாப் பார்த்தேன்."

"மருந்துக்கு ரெண்டு பேர் ஐயா. பெருசா இருக்கிறது கம்பெனி வச்ச பேர். அதை ஒவ்வொரு நாட்டுலயும் தனித்தனியாப் பதியறாங்க. இங்க வலிப்பு மாத்திரைக்கு இருக்கிற பேர், அங்க வேற எதுக்காவது இருக்கலாம். உள்ள என்ன மருந்துங்கிறது இந்தச் சின்ன எழுத்துலதான் இருக்கு."

வலிப்பு மருந்து ரத்தத்தில் எப்போதும் ஓர் அளவில் நிற்க வேண்டும். மூளை நரம்புகளில் மின்சாரம் கட்டுமீறிப் பாயாமல் பிடித்து வைப்பது அந்த அளவுதான். மருந்து திடீரென்று நின்றால் அந்த அளவு நாளுக்கு நாள் இறங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் பிடி விட்டுப்போகும்.

டாக்டரிடம் அவர் உண்மையைச் சொன்னார். மனைவியிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் அடிக்கடி சொல்லுவாள்: "ஏதோ ஒரு வேளை மறந்திருப்பேன். எல்லாம் என் கவனக்குறைவு." அந்தப் பிழையை மட்டும் அவர் திருத்தவில்லை.

மூன்று மாதம் கழித்துக் காப்பகத்துச் சமையல்கார அக்கா பார்க்க வந்தார். "காப்பகத்துல உன் குண்டுப் பையன் யார் தூக்கினாலும் மூஞ்சில ஒரு அறை விடறான். நீ வந்தாத்தான் அடங்குவான்" என்றார். மனைவி சிரித்துக்கொண்டே வலது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது அக்கா அவரிடம் திரும்பினார். "தம்பி, வெளிநாட்டுல இருந்து மருந்து வரவழைச்சீங்களாமே. எங்க வீட்டுக்காரர் பிரஷர் மாத்திரைக்கு ஒவ்வொரு தடவையும் சீட்டுக்கு அலைய முடியல. அந்தக் கடை பேரைக் கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்."

"எழுதிக் குடுங்க" என்றாள் மனைவி. "நான் போட மறந்ததுக்கு மருந்து என்ன பண்ணும்?"

பேனாவை எடுத்தவர் அதைக் கீழே வைத்தார்.

"அவ மறக்கலக்கா. ஒரு வேளைகூட மறக்கல. நான் வாங்கிக் குடுத்ததுதான் வேற மருந்து."

எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மனைவி இடது கையால் வலது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து வைத்தாள்.

"மூணு மாசமா நான் என்னையே திட்டிக்கிட்டு இருந்தது உங்க காதுல விழுந்துச்சுல்ல?"

"விழுந்துச்சு."

அவள் அக்காவிடம் திரும்பினாள். தலையில் அடிபட்ட பிறகு அவளுக்கு வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வரும்.

"அக்கா, சீட்டு கேக்கிறது நம்மள அலைய விடறதுக்கு இல்ல. நமக்குப் பார்க்கத் தெரியாததைத் தெரிஞ்சவங்க ஒருத்தர் பார்க்கணும்னுதான். டாக்டரும் கடைக்காரரும் பார்க்காம, யாருன்னே தெரியாத ஆள் அனுப்பற மாத்திரையை வீட்டுக்காரருக்குக் குடுக்காதீங்க. பேர் சரியா இருந்தாலும் குடுக்காதீங்க."

அன்று முழுக்க அவள் கணவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.