குறுக்கு விசாரணைக்குப் பன்னிரண்டு நிமிடம்

அமெரிக்காவில் மின்னியாபொலிஸ் நகரத்து ஓட்டல் ஒன்றின் பெரிய கூடத்தில் முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கட்டட வழக்கு வக்கீல்கள். வருடத்துக்கு ஒருமுறை, மார்ச் மாதத்தில் கூடுவார்கள். இரண்டு நாள் பேச்சு. மூன்றாம் நாள் காலை ஒரு மாதிரி விசாரணை. வழக்கு கற்பனை, கட்டடமும் கற்பனை. சாட்சி மட்டும் நிஜமான வேலைத்தளத்திலிருந்து வந்த ஆளாக இருக்க வேண்டும். அது அவர்கள் சங்கத்து வழக்கம்.

இந்த வருடச் சாட்சி மார்லிஸ் ஹவுகன். முப்பத்தோரு வருடமாகக் கட்டட மேற்பார்வையாளர்.

மேடைப் படியருகே அவளுடைய முதலாளி ஆர்வில் வழிமறித்தார்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல மார்லிஸ். வயிறு சரியில்லைன்னு சொல்லிடு."

"வயித்துக்கு என்ன? காலையில மூணு முட்டை சாப்பிட்டேன்."

"போன தடவை மாதிரி நீ உளறினா, மே மாசம் கேஸுக்கு நம்ம ஆபீஸ் பையன் டைலரைத்தான் சாட்சியா அனுப்புவேன். சொல்லிட்டேன்."

"அந்த நூலகத்தை அவன் போட்டோவுலதான் பாத்திருக்கான்."

"போட்டோவுல பாத்தவன் கம்மியாப் பேசுவான்."

மே மாதம் வருவது நிஜ விசாரணை. அவள் கட்டிய நூலகத்தைக் கோணல் என்கிறது எதிர்த்தரப்பு. இல்லை என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்பது அவள் பிடிவாதம். வேறு யாரும் சொல்லக் கூடாது. அதற்காகத்தான் இந்த மேடைக்கே ஒப்புக்கொண்டாள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவளை ஒரு வக்கீல் குறுக்கு விசாரணை செய்தார். டெஸ்மண்ட் பர்ச். கேள்வி கேட்டார். பதில் சொன்னாள். அவர் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். விருந்தாளி முன்னால் காலித் தட்டு இருப்பது போல அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எதையாவது வைக்க வேண்டுமே என்று பேசினாள். அவர் தலையாட்டினார். இன்னும் பேசினாள். பத்து நிமிடத்தில் அவள் வாயே வழக்கைக் கவிழ்த்தது.

இன்றும் எதிரே அவரேதான்.

நடுவரம்மாவின் மேஜையில் சதுரங்க ஆட்டக்காரர்கள் வைத்துக்கொள்ளும் இரட்டைக் கடிகாரம் இருந்தது. ஒரு தரப்புக்குப் பன்னிரண்டு நிமிடம். யார் முறையோ அவர் நேரம் ஓடும். நடுவர் பொத்தானைத் தட்டினார்.

வழக்கு ஒரு பள்ளிக்கூடக் கூரை. வேலை ஒன்பது நாள் தாமதம். பள்ளிக்கூடத்துக்கு டெஸ்மண்ட் வக்கீல். மார்லிஸ் கட்டியவர்கள் பக்கத்துச் சாட்சி.

"வேலைத்தள நாட்குறிப்பு கையில இருக்கா மேடம்?"

"இருக்கு."

"ஜனவரி ஆறுலேர்ந்து பதினாலு வரைக்கும், கூரையில எத்தனை பேர் வேலை செஞ்சாங்க?"

"யாரும் இல்லை."

டெஸ்மண்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவளைப் பார்த்தார். பேசவில்லை.

மார்லிஸுக்கு நாக்கு அரித்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். ஓடுவது அவர் பக்கத்து முள். தண்ணீரை எடுத்துக் குடித்தாள். தம்ளரைக் கீழே வைத்தாள். கூரை விளக்குகளை எண்ணினாள். இருபத்தாறு. யாரோ இருமினார்கள். பின்வரிசையில் ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார்.

"வக்கீல் சார், உங்க நேரம்தான் ஓடுது" என்றார் நடுவர்.

"தெரியும் மேடம்." அவர் மார்லிஸிடம் திரும்பினார். "ஒன்பது நாள். ஒரு ஆள்கூட இல்லை."

"ஆமா."

மறுபடியும் மௌனம். இருபத்தாறு விளக்குகளையும் திரும்ப எண்ணினாள். இப்போது பாதிக் கூடம் சிரித்தது. டெஸ்மண்டின் கழுத்து சிவந்தது.

"ஏன்?" என்றார்.

முந்நூறு பேரும் மூச்சை இழுத்தார்கள். குறுக்கு விசாரணையில் ஏன் என்று கேட்கவே கூடாது; கேட்டால் சாட்சிக்கு விளக்கம் சொல்ல வழி கிடைத்துவிடும். சட்டக் கல்லூரியில் சொல்லித் தரும் முதல் பாடம். நேற்று மாலை இதைப் பற்றி இதே மேடையில் ஒரு மணி நேரம் பேசியவர் டெஸ்மண்ட்.

"நாட்குறிப்புல ஒவ்வொரு பக்கத்துக்கும் மேல ஒரு வரி இருக்கு. படிக்கலாமா?" என்றாள் மார்லிஸ்.

"தாராளமா" என்றார் நடுவர்.

"ஆறாம் தேதி, பூஜ்யத்துக்குக் கீழ பதினொரு டிகிரி. ஏழாம் தேதி, பதினாலு. எட்டாம் தேதி, பத்தொன்பது. எல்லாமே ஃபாரன்ஹீட், எல்லாமே பூஜ்யத்துக்குக் கீழதான். கூரை விரிப்பு ஒட்டுற பசை நாப்பது டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ பிடிக்காது. ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கு. வரைபடம் அக்டோபர்ல வந்திருந்தா அப்பவே ஒட்டியிருப்போம். பள்ளிக்கூடத்துல அதை டிசம்பர் இருபதாம் தேதிதான் குடுத்தாங்க."

பசையைப் பற்றி இன்னும் அரை மணி நேரம் பேச அவளிடம் சரக்கு இருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

நடுவர் தாள்களைப் புரட்டினார். "இந்தக் குளிர்க் கணக்கை நாட்குறிப்புல யாரு எழுதினது?"

"நான்தான்" என்றார் டெஸ்மண்ட். "வழக்கு நிஜம் மாதிரி இருக்கட்டுமேன்னு வானிலை அலுவலகப் பதிவைப் பாத்து எழுதினேன். ஒரு டிகிரிகூடப் பொய் கிடையாது."

"எழுதினதைத் திரும்பப் படிச்சீங்களா?"

டெஸ்மண்ட் கூரையைப் பார்த்தார். பிறகு அவரே முதலில் சிரித்தார். அப்புறம் கூடம் அடங்கவே இல்லை. அவருடைய மிச்ச நேரம் அந்தச் சிரிப்பிலேயே போய்விட்டது.

கீழே இறங்கியதும் ஆர்வில் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார்.

"மே மாசம் நீயே போ."

"டைலர்?"

"அவன் பெட்டி தூக்க வரட்டும்."

மார்லிஸ் அவரைக் கட்டிக்கொண்டாள். முப்பத்தோரு வருடத்தில் அது முதல் தடவை. அவர் என்ன செய்வதென்று தெரியாமல் காபிக் கோப்பையை உயரத் தூக்கிப் பிடித்தார்.

அதற்குள் வக்கீல்கள் சூழ்ந்துகொண்டார்கள். பசை எப்படிக் காயும், மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஆளுக்கொரு கேள்வி.

"இருங்க, இருங்க. உங்கள்ல யாராவது கூரைமேல ஏறியிருக்கீங்களா?"

ஒரு கையும் எழவில்லை. டெஸ்மண்ட் தன் பளபளத்த ஷூவைப் பார்த்துக்கொண்டார்.

"சனிக்கிழமை காலையில ஏழு மணிக்கு எங்க வேலைத்தளத்துக்கு வாங்க. ஏத்திக் காட்டுறேன். யாரு வரீங்க?"

நாற்பது கைகள் எழுந்தன.

ஆர்வில் அவள் காதருகே குனிந்தார். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ஒருத்தன் வழுக்கி விழுந்தா நாப்பது பேரும் நம்ம மேலயே கேஸ் போடுவானுங்க."

"போடட்டும்" என்றாள் மார்லிஸ். "சாட்சி சொல்ல நான் இருக்கேன்ல?"