பொலிஸ் மேசையில் ஒரு கையெழுத்து

காப்புறுதி அலுவலகத்தில் காலையிலிருந்து மாலைவரை கையெழுத்து வைக்கிற கைக்கு, பொலிஸ் நிலைய மேசையில் மட்டும் என்ன வந்துவிடுகிறது என்று நேசமலருக்கு விளங்கவில்லை. போர் நடக்கும் இந்த நாட்களில், வெள்ளவத்தையில் குடியிருக்கும் தமிழர், வீட்டில் வந்து தங்குகிற ஆளைப் பொலிஸில் பதிய வேண்டும். வவுனியாவிலிருந்து வந்த தம்பி சிவபாலனுக்காக அவள் வைத்த கையெழுத்து கோணல்மாணலாகப் போனது. சார்ஜன்ட் அதையும் அவளுடைய அடையாள அட்டையிலிருந்த கையெழுத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, பொருந்தவில்லை என்று படிவத்தைத் தள்ளிவிட்டார். பதிவில்லாமல் சுற்றிவளைப்பில் அகப்பட்டால் தம்பியைக் கொண்டுபோய்விடுவார்கள்.

"அடுத்தமுறை வேறை கை கொண்டு வாங்கோ அக்கா," என்றான் சிவபாலன், திரும்பி வரும்போது. அவளுக்குச் சிரிக்கவும் அலுப்பாக இருந்தது.

வீட்டில் பழைய பேப்பர் ஓரமெல்லாம் எழுதிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் அச்சடித்தது போல வந்தது. அப்போ கையில் கோளாறு இல்லை. பின்னே எதில்?

மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது பக்கத்து மேசைச் சோமலதாவிடம் சொன்னாள். சோமலதா சிங்களப் பெண், ஆனால் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவள். தமிழ் தடங்கலில்லாமல் வரும். இப்போது வீடு கொலன்னாவையில். அங்கே தாக்குதலில் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்த நாளிலிருந்து, லொறி டயர் வெடித்தாலும் கட்டிலுக்குக் கீழே ஓடியவள். போயா என்கிற பௌர்ணமி நாட்களில் பன்சலைக்கு, பௌத்த விகாரைக்குப் போய்த் தியானத்தில் இருப்பாள்.

"கை ஆடத் தொடங்கினா என்ன செய்வாய்?" என்று சோமலதா கேட்டாள்.

"பேனையை இறுக்கிப் பிடிப்பன். மூச்சை அடக்குவன். பயப்படாதை எண்டு எனக்கே சொல்லுவன்."

"ஐயோ, அங்கதான் பிழை! பயம் வாறது ஒண்டு. பயம் வந்திட்டுதே எண்டு பயப்படுறது இன்னொண்டு. முதலாவதை நிப்பாட்ட ஏலாது. ரெண்டாவது உன்ட சொந்தத் தயாரிப்பு."

"உங்கட புத்தர் பொலிஸ் பதிவுக்குப் போனவரோ?"

"போயிருந்தா மூச்சைப் பார்த்துக்கொண்டு கியூவில நிண்டிருப்பார். வந்ததை வந்தது எண்டு பார் மலர். துரத்தாதே. பன்சலையில அதைத்தான் பழக்குறாங்க."

"உனக்குப் பயம் போட்டுதோ?"

"எங்க போறது! கட்டிலுக்குக் கீழ போறதுதான் குறைஞ்சிருக்கு."

வெள்ளிக்கிழமை அதே மேசை, அதே சார்ஜன்ட். முதலில் வயிறு இறுகியது, பிறகு தொண்டை, கடைசியாகத்தான் விரல்கள். இந்த வரிசையை அவள் முன்பு கவனித்ததே இல்லை. பயம் வந்திருக்கு என்று மனதுக்குள் சொன்னாள். போ என்று சொல்லவில்லை.

"இக்மனட்ட!" என்று சார்ஜன்ட் சிங்களத்தில் அவசரப்படுத்தினார். வயிறு இன்னும் இறுகியது. அதையும் பார்த்தாள். வழக்கம்போல் பேனையை நெரிக்கப் போன விரல்களைத் தளர்த்தினாள். இறுக்கும்போது விரல்கள் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கின்றன. அந்த இழுபறிதான் நடுக்கத்தைப் பெருக்குகிறது. தளர்ந்ததும் நடுக்கம் சிறுத்தது. மூச்சு வெளியே போகும்போது கையெழுத்து வைத்தாள். சார்ஜன்ட் அட்டையைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், முத்திரையைக் குத்தினார்.

வெளியே வந்ததும் சிவபாலன் கேட்டான்: "எந்தக் கை அக்கா இது?"

"அதே கைதான். வழியிலை செக்பொயின்ற்றிலை உன்னை மறிச்சாலும் இதைச் செய். பயத்தைத் துரத்தாதை, இருக்கட்டும். கையை இறுக்காதை. மூச்சு வெளியிலை போகேக்கை அட்டையை நீட்டு."