மைக்கில் சொல்லாத பெயர்

பௌர்ணமியன்று மாலை நாலு மணிக்கே கிரிவலப் பாதையில் கால் வைக்க இடமில்லை. கூட்டத்தில் தொலைந்தவர்களை மைக்கில் கூப்பிடும் பந்தலின் முன்னால் இனியாவும் அவள் அம்மா காசியம்மாளும் நின்றார்கள். அங்கே சொன்னால் மலையைச் சுற்றி எல்லா ஒலிபெருக்கியிலும் கேட்கும்.

காலையில் பள்ளிக்குப் போன காசியம்மாளின் இளைய பிள்ளை அங்கே போய்ச் சேரவில்லை. மதியம் இனியாவின் போனுக்கு ஒரு வரி வந்தது: "அக்கா, இனிமே என்னால முடியல." அதோடு பிள்ளையின் போன் அணைந்துவிட்டது.

வீட்டுக்கும் பள்ளிக்கும் அந்தப் பிள்ளை சரவணகுமார். தான் பெண், தன் பெயர் தென்றல் என்று அவள் இனியாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். இனியாவும் கதவைச் சாத்திக்கொண்டுதான் அந்தப் பெயரில் கூப்பிடுவாள். போன வாரம் வகுப்புப் பையன்கள் தென்றலின் பையிலிருந்த வளையலைப் பிடுங்கி, அவள் கையிலேயே மாட்டி ஆடவிட்டு, வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். ஆசிரியர் கூப்பிட்டு விசாரித்தது அவளைத்தான்.

"பேரு இன்னாம்மா?" என்றார் மைக்காரர்.

"சரவணகுமார். பன்னெண்டாவது படிக்கிறான். அப்பா பேரு ராஜமாணிக்கம். அடி அண்ணாமலை."

அறிவிப்பு போனது. பாதையில் நாலு பையன்கள் நின்றார்கள். வீடியோவில் பார்த்த முகங்கள்.

"டேய், நம்ம ஒம்போது காணாப் போச்சாம்டா."

"வளையல் கடையில தேடச் சொல்லு."

சிரித்துக்கொண்டே நடந்தார்கள். காசியம்மாள் காதில் விழாதவள் போல முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"அந்தப் பேருக்கு வராதும்மா," என்றாள் இனியா. "தென்றல்னு சொல்லச் சொல்லு."

"வாய மூடு. வேங்கிக்கால்ல இருந்து உன் மாமியார் வூட்டுக்காரங்க மொத்தமும் இன்னிக்கி சுத்த வந்திருக்காங்க. அடுத்த மாசம் கல்யாணம். என் வூட்ல இப்படி ஒண்ணு பொறந்திருக்குன்னு மைக் வெச்சி சொல்லணுமா?"

"எதுனா பண்ணிக்கிச்சின்னா?"

"ஒண்ணும் ஆவாது. பசிச்சா வருவான்."

மைக்காரர் மைக்கை நீட்டினார். "நீயே பேசும்மா. சொந்தக் குரல் கேட்டா புள்ளைங்க வந்துடும்."

இனியா வாங்கினாள். பெயர் தொண்டை வரை வந்தது. நிச்சயத்தன்று தலையில் பூ வைத்த மாமியாரின் விரல்கள் நினைவுக்கு வந்தன.

"சரவணா, எங்க இருந்தாலும் பந்தலுக்கு வாடா," என்றாள்.

அம்மா தலையசைத்தாள். ஆறரைக்குள் ஏழு தடவை அந்தப் பெயரைச் சொன்னார்கள்.

மறுநாள் காலை அரசு மருத்துவமனையில் அடையாளம் காட்டச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு ஜஹானாரா வந்தாள். பந்தலுக்குக் கொஞ்சம் தள்ளி வெள்ளரிக்காய் விற்பவள். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில் படத்தைப் பார்த்தாளாம்.

"இந்தப் புள்ள என் கடைக்குப் பின்னாலதான் உக்காந்திருந்துச்சு. வெள்ளரிக்கா குடுத்தேன், துன்னல. மைக்ல பேச ஆரம்பிச்சா எழுந்து நின்னு கேக்கும், அப்புறம் உக்காந்துக்கும். ஒரு பொண்ணு பேசிச்சு பாருங்க, அப்ப மொகமே மாறிப் போச்சு. எங்க அக்கான்னு சொல்லி ரெண்டு அடி வெச்சுச்சு. என்னமோ தெரியல, அங்கியே நின்னுடுச்சு."

"அப்புறம்?" என்றாள் இனியா.

"போறப்ப என்கிட்ட கேட்டுச்சு, நடுவுல தென்றல்னு யாரையாச்சும் கூப்ட்டாங்களாக்கா, எனக்குத்தான் கேக்கலியோன்னு. இல்லியேப்பா, சரவணகுமார்னு ஒரு பையனத்தான் தேடறாங்கன்னு சொன்னேன்."

ஜஹானாரா முக்காட்டால் கண்ணைத் துடைத்தாள்.

"அந்தத் தென்றல் பொண்ணு கெடச்சிட்டாளாங்க?"