டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு கையகலம்

பழைய காரின் வெளி நிறத்தை எந்த முட்டாளும் கண்டுபிடித்துவிடலாம். பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கும். பிராணனை வாங்குவது உள்ளே இருக்கும் இரும்புதான். கண்ணாடிகளைச் சுற்றி உள்பக்கம் ஓடும் சட்டம், கதவின் மேல் விளிம்பு, டேஷ்போர்டு. இவற்றுக்குக் கம்பெனிக்காரன் தனியாக ஒரு நிறம் அடித்திருப்பான். அதற்கு ஒரு பெயர் வைக்கக்கூட அவனுக்குத் தோன்றியிருக்காது, வெறும் எண்தான். கம்பெனியை இழுத்து மூடி முப்பது வருஷம் ஆன பிறகு அந்த எண்ணை வைத்துக்கொண்டு நாக்குக்கூட வழிக்க முடியாது.

நான் அந்த நிறங்களைத் தேடிப் பிடித்து அடிக்கிற பெயிண்டர். தொழிலில் இருப்பவர்கள் எனக்கு ‘ஒரிஜினல்’ என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். கிண்டலாக ஆரம்பித்தது, போகப்போக மரியாதையாகிவிட்டது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் வேறு ஊர்களிலிருந்தெல்லாம் போன் செய்து, “ஒரிஜினல் சார், இந்த மாடலுக்கு உள்ள என்ன கலர்?” என்று கேட்பார்கள். தெரிந்தால் சொல்வேன், தெரியாவிட்டால் தெரியாது என்பேன். பெருமையடித்துக்கொள்ள என்னிடம் இது ஒன்றுதான் உண்டு. மற்றபடி எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும், வண்டியைச் சொன்ன தேதிக்குக் கொடுத்ததே இல்லை.

ஷெட்டில் எனக்குக் கூட்டாளி என் மனைவியின் தம்பி. நசுங்கிய தகடைத் தட்டி நிமிர்த்துவது, கழற்றி மாட்டுவது எல்லாம் அவன். பத்தொன்பது வருஷமாகச் சேர்ந்திருக்கிறோம். சாப்பிடும்போதே கை கழுவ எழுந்துவிடுகிற ஆள் அவன். நான் ஒரு நிறத்தைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தால் அவனுக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

போன வருஷம் ஒரு பல் டாக்டரம்மா தன் அப்பாவின் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அப்பா இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. வண்டி கைமாறிக் கைமாறி மூன்று தடவை உள்ளும் புறமும் பெயிண்ட் வாங்கியிருந்தது. கடைசியில் இவரே தேடிக் கண்டுபிடித்துத் திரும்ப வாங்கியிருக்கிறார்.

“சின்ன வயசுல பின்சீட்டுல முட்டி போட்டு, இந்தக் கண்ணாடிச் சட்டத்துல மோவாயை வெச்சுக்கிட்டே வருவேன்,” என்றார். “அப்பா முன்னாடி ஓட்டிக்கிட்டே ஒரு கையை அவர் பக்கத்துச் சட்டத்துல வெச்சிருப்பார். அந்தக் கலர் எனக்குத் தெரியும். பேர்தான் தெரியல.”

பல்லுக்கு நிறம் பார்க்கிற அட்டை ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். வெள்ளையிலேயே பதினாறு வெள்ளை. “நாங்களும் உங்க ஜாதிதான். ஒரு ஷேடு தப்பினா கட்டின பல்லுன்னு ஊருக்கே தெரிஞ்சிடும்,” என்று சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அசல் நிறம் கிடைக்காமல் துப்பாக்கியைக் கையில் எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். நான் சொன்னது ஸ்ப்ரே துப்பாக்கியை.

நாலு மாசம் தேடினேன். சாம்பல் தட்டு இருக்கும் குழி, கைப்பிடித் தகட்டின் அடி, கதவோர ரப்பர் பீடிங்குக்குள் மறையும் மடிப்பு. பிறர் கை படாத இடத்தில்தான் அசல் தங்கியிருக்கும். ஆனால் இந்த வண்டிக்கு வாய்த்த பெயிண்டர்கள் யாரோ மகா ஒழுங்குக்காரர்கள், ஒரு மடிப்பு விடாமல் எமரி பேப்பர் போட்டுச் சுரண்டியிருந்தார்கள். டேஷ்போர்டைக் கழற்றுவது மச்சினன் வேலை. “டேஷ்போர்டுப் பொட்டிக்குப் பின்னாடி பார்த்துட்டேன் மாமா, ஒண்ணுமில்ல,” என்று அவன் சொன்னதால் அங்கே நான் தலையை விடவில்லை.

அந்த நாலு மாசத்தில் மூன்று வண்டிகள் ஷெட்டுக்கு வெளியே வெயிலில் காய்ந்தன. மச்சினன் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டான். நானும் வீட்டில் பேயறைந்தவன் மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

ஒருநாள் காலை அவன் வண்டிக்குள்ளிருந்து கத்தினான். “மாமா! ஓடி வாங்க! கிடைச்சிடுச்சு!”

ஓடினேன். டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி வைத்திருந்தான். “அன்னைக்கு இந்தப் பட்டைக்கு அந்தப் பக்கம் சரியாப் பார்க்கல மாமா,” என்று டார்ச்சை அடித்தான். பின்னால் குறுக்கே ஓடும் இரும்புப் பட்டையில், எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்பிய ஒரு கையகலத்துக்கு, சாம்பல் கலந்த பச்சை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் அவன் தோளைக் கட்டிக்கொண்டேன்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த நிறத்தையும் தின்னரில் நனைத்த துணியால் ஒரு தடவை தேய்த்துப் பார்ப்பேன். கம்பெனியில் சூடேற்றி வேகவைத்த பெயிண்ட் அசையாது. பட்டறையில் அடித்துக் காற்றில் காய்ந்தது துணியோடு வந்துவிடும். அன்றைக்கும் துணியை நனைத்துக் கையை நீட்டினேன். மச்சினன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

“இருக்கிறதே ஒரு கையகலம் மாமா. தேய்ச்சுக் கெடுத்துட்டா அப்புறம் எங்க போறது?”

நியாயமாகப் பட்டது. வேறு யார் பிடித்திருந்தாலும் கையை உதறியிருப்பேன்.

அந்தப் பச்சையைப் பிடிக்கப் பதினொரு தடவை கலந்தேன். பகல் வெளிச்சத்தில் ஒன்று, மர நிழலில் ஒன்று என்று அட்டைகளில் அடித்துப் பார்த்துப் பதினொன்றாவதில் பொருந்தியது. அன்றைக்கு வீட்டில் என் மனைவி இனிப்புச் செய்து வைத்திருந்தாள். “நீங்க விட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்,” என்றாள்.

வண்டியை எடுக்க வந்த டாக்டரம்மா பின்சீட்டில் ஏறி, அந்த வயதிலும் முட்டி போட்டு, சட்டத்தில் மோவாயை வைத்தார். வெகுநேரம் இறங்கவில்லை. “இதேதான்,” என்றார் இறங்கி வந்து. முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும், “இதேதான்,” என்றார்.

விஷயம் பரவியது. அதே மாடல் வைத்திருக்கும் மூன்று பேர் போன் செய்தார்கள். கலவைக் கணக்கை மூவருக்கும் வாயாரச் சொன்னேன். மூன்று வண்டிகளுக்கும் உள்ளே பச்சை ஏறியது.

எட்டு மாசம் கழித்து டாக்டரம்மாவின் வண்டி திரும்ப வந்தது. டேஷ்போர்டுப் பெட்டியின் பூட்டு சிக்கிக்கொண்டதாம். மச்சினன் சாமான் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். அற்ப வேலைதானே என்று நானே பெட்டியைக் கழற்றினேன். அந்தக் கையகலம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் ஒரு பாசம். மேலே படிந்த பிசுக்கைத் துடைத்துவிடலாமே என்று பக்கத்தில் கிடந்த தின்னர்த் துணியால் லேசாக ஒரு இழுப்பு இழுத்தேன்.

துணி பச்சையாகிவிட்டது.

இன்னொரு தடவை துடைத்தேன். பச்சை வழிந்துகொண்டு வந்தது. அதற்கு அடியில் செம்பழுப்பாக, மாதுளம்பழத் தோல் காய்ந்தால் வருமே அந்த நிறத்தில், ஒன்று தெரிந்தது. பலம் கொண்ட மட்டும் தேய்த்தேன். துணி நைந்தது. பழுப்பு அசையவே இல்லை.

மச்சினன் வந்தபோது நான் வண்டி வாசலில் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். துணியை நீட்டினேன். பார்த்ததும் அவனுக்கு முகம் செத்துவிட்டது.

“ஈரம் கோர்த்து பெயிண்ட் விட்டிருக்கும் மாமா.”

“என் காதுலயே பூ சுத்தாதே. எங்கேர்ந்துடா இந்தப் பச்சை?”

கொஞ்ச நேரம் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் சொன்னான். “ஆஸ்பத்திரிக் கட்டில் வேலை எடுத்தோமே மாமா, நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தப்ப. அதுல மிச்சம். கொஞ்சம் கறுப்பு விட்டேன்.”

கட்டில் பெயிண்ட்! ஆஸ்பத்திரியில் நோயாளி படுக்கிற இரும்புக் கட்டிலின் நிறத்தைப் பிடிக்க நான் பதினொரு தடவை கலந்து, மரத்தடியில் நின்று ரசித்திருக்கிறேன். சிரிக்க வேண்டிய விஷயம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“அடியில என்ன இருந்துச்சுன்னு பார்த்தியா?”

“பழுப்பா என்னவோ. துருவுக்கு அடிக்கிற பிரைமர்னு நினைச்சேன்.”

“நான் தேடினதே அதுதான்டா! மேலயே பூசி மூடியிருக்க.”

அவன் பட்டைக்கருகே குனிந்து அதைப் பார்த்துவிட்டு, நிஜமாகவே வருத்தப்பட்டான். அந்த வருத்தம் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. “நாலு மாசம் மாமா. மூணு வண்டி வெளிய. நீங்க ஒரு வார்த்தை காது கொடுத்துக் கேட்கல. உங்களை எப்படித்தான் நிறுத்துறது?”

“என்னை ஏமாத்தித்தான் நிறுத்தணுமா? கையைப் பிடிச்சியேடா. தேய்க்க விடாமக் கையைப் பிடிச்சியே.”

“அக்காவும் சொல்லுச்சு,” என்றான்.

“என்ன சொன்னா?”

“எதையாவது பண்ணி இதை முடின்னு.”

வீட்டுக்குப் போனேன். அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். என் கையில் இருந்த துணியைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். நான் எதுவும் கேட்கும் முன்பே பேசினாள். எவ்வளவு நாளாகவோ தயாராக வைத்திருந்திருக்க வேண்டும்.

“அந்த நாலு மாசம் நீங்க இந்த வீட்ல இருந்தீங்களா? பெரியவளுக்குப் பரீட்சை எப்ப முடிஞ்சுதுன்னு தெரியுமா உங்களுக்கு?”

“தப்புதான். அதுக்காக?”

“அதுக்காகத்தான். ஒரு இரும்புத் துண்டுல என்ன கலர் இருந்தா யாருக்கு என்ன குறை? அந்தம்மா சந்தோஷமாத்தானே போனாங்க. நீங்களும் சந்தோஷமாத்தானே வந்தீங்க.”

“நீ இனிப்புச் செஞ்சு வெச்சியே.”

அவள் தேய்த்த சட்டையையே மறுபடி எடுத்து மடித்தாள். என் சட்டைதான்.

என் தொழிலில் யாராவது கை வைத்திருந்தால், என் சாமான்களைத் திருடியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம். அசல் எது, போலி எது என்று பார்ப்பது. அதிலேயே என்னைக் குருடனாக்கிவிட்டு, எட்டு மாசம் என் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள் இரண்டு பேரும். ஊரெல்லாம் ‘ஒரிஜினல்’ என்று கூப்பிடும்போது இவர்கள் மனசுக்குள் என்ன நினைத்திருப்பார்கள்? இதை நினைத்தால்தான் நெஞ்சு பொறுக்கவில்லை.

மறுநாள் பூட்டைச் சரிசெய்து, வண்டியை நானே டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு ஓட்டிப்போனேன். பெட்டியை மாட்டவில்லை. நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டார்கள் என்று அவரிடமாவது சொல்லி ஆற்றிக்கொள்ளலாம், உள்ளே முழுவதையும் கைக்காசில் திருப்பி அடித்துத் தருகிறேன் என்று சொல்லலாம் என்று வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மதிய இடைவேளையில் வெள்ளைக் கோட்டோடு வாசலுக்கு வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கட்டில் பெயிண்ட் என்பது வரைக்கும் மறைக்கவில்லை. அவர் உள்ளே போய், பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியையும் விளக்கையும் எடுத்துவந்தார். முன்சீட்டில் சாய்ந்து படுத்து, கண்ணாடியைப் பட்டைக்குப் பின்னால் நீட்டி, அந்தப் பழுப்பைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

எழுந்தபோது அவர் கண் காய்ந்திருந்தது.

“இதுதான் அசல்னு நிச்சயமாத் தெரியுமா?”

“சத்தியமா மேடம். தின்னருக்கு அசையல. என்னை ஏமாத்திட்டாங்க மேடம், சொந்த வீட்லயே. நான்…”

“உங்களை யார் ஏமாத்தினாங்கன்னு எனக்கு எதுக்கு?” என்றார். குரலை உயர்த்தவில்லை. “எனக்கு அவங்களைத் தெரியாது. நான் உங்களைத்தான் நம்பினேன்.”

நான் கையிலிருந்த சாவியை இறுக்கிப் பிடித்தேன்.

“இதேதான்னு அழுதேன் நான். உங்க முன்னாடி. ஞாபகம் இருக்கா?”

“பழுப்பா மாத்திக் கொடுத்துடறேன் மேடம். பத்தே நாள்.”

அவர் பின்கதவைத் திறந்து, சட்டத்தின் மீது உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி எனக்கு அந்தக் கலர் மங்கலா இருந்துச்சு. ஆனா என்கிட்டத்தான் இருந்துச்சு. இப்ப கண்ணை மூடினா அப்பா கை பச்சைச் சட்டத்துல இருக்கு. இந்தப் பழுப்பை இவ்வளவு நேரம் பார்த்தேனே, யாரோ ஒருத்தர் வண்டி மாதிரி இருக்கு. வண்டியை நீங்க மாத்திடுவீங்க. இதை?”

சாவிக்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன். எனக்கு நடந்ததைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன், அவருக்கு நான் செய்ததைக் கேட்டுக்கொண்டு திரும்பி நடந்தேன்.