இன்னும் போய்ச் சேராத சன்னங்கள்

செப்டெம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் ரொபேர் துப்பாக்கியால் சுட்ட சன்னங்கள் அடுத்த ஜனவரி முடியும்வரை பறந்துகொண்டிருந்தன. வேகமாக ஒன்றுமில்லை, கைத்தடி ஊன்றிய ஒருவர் சந்தைக்குப் போகிற வேகம்தான். சுட்ட இடம் பாரிசுக்கு வடக்கே, உவாஸ் மாவட்டத்தில், ஒரு சோளக்காட்டின் ஓரம். சுடப்பட்டது பிரான்சில் பெசான் என்று சொல்லும் காட்டுச் சேவல். செப்பு நிற மார்பு, சிவந்த முகம், கழுத்தில் வெள்ளை வளையம், உடம்பளவுக்கு நீண்ட வால். அது சோளத்துக்குள்ளிருந்து படபடவென்று எழும்பியது, ரொபேர் சுட்டார், பெசான் தோப்பைத் தாண்டிப் போனது, ஈயச் சன்னங்களும் ஒரு சிறிய கொசுக்கூட்டம் மாதிரி அதன் பின்னால் போயின. வேட்டைச் சங்கத்தினர் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு சாப்பாட்டு நேரமாகிவிட்டதால் சாப்பிடப் போனார்கள்.

ரொபேர் புதுச்சேரிக்காரர், கத்தோலிக்கர். அரசாங்க அலுவலகம் ஒன்றில் காலமெல்லாம் முத்திரை குத்தி ஓய்வுபெற்று, மனைவி மர்கரீத்துடன் பாரிசுக்கு அருகே ஆர்ஜொந்தெய்யில் வசித்தவர். ஓய்வுபெற்ற கையோடு வேட்டை உரிமம் எடுத்தார், துப்பாக்கி வாங்கினார், பச்சைத் தொப்பியும் வாங்கினார். பருவத்துக்குப் பருவம் போய்வந்தும் ஒரு பறவைகூட அவருக்காக விழவில்லை. அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. குறி தவறியவர் மதியச் சாப்பாட்டின்போது எழுந்து, தொப்பியைக் கழற்றி, தவறிவிட்டேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். மற்றவர்கள் மேசையைத் தட்டுவார்கள். அத்தோடு அந்த வெடி முடிந்தது, பிறகு யாரும் அதைப் பேசக் கூடாது. ரொபேரின் தொப்பி தலையில் இருந்ததைவிடக் கையில் இருந்த நேரம் அதிகம். சங்கத் தலைவர் எமில் தங்கமான மனிதர். சாயந்தரம் தான் சுட்டதில் ஒன்றை எடுத்து ரொபேரின் பைக்குள் வைத்து அனுப்புவார். மர்கரீத் அதை வடவம் தாளித்துக் குழம்பு வைப்பார், யார் சுட்டது என்று ஒருநாளும் கேட்கமாட்டார். கேட்காமல் இருந்ததுதான் ரொபேரைக் குத்தியது. தன் கையால் சுட்ட ஒரு பறவையை, ஒன்றே ஒன்றை, அந்தச் சட்டியில் கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை மிச்சமில்லை.

அதனால் அந்த ஞாயிறு எமில் அவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தியபோது ரொபேர் எழுந்து நின்றார், தொப்பியைக் கழற்றவில்லை. நான் தவறவில்லை, இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான், என்றார். மேசையில் பெரிய வாக்குவாதம் நடந்தது. சன்னம் தரையில் விழாதவரை வெடி முடியவில்லை என்று எமில் பாலாடைக்கட்டி வந்த நேரத்தில் தீர்ப்பளித்தார். ரொபேர் தொப்பியோடு வீட்டுக்குப் போனார், தொப்பியோடு படுத்தார், அடுத்த ஞாயிறு தொப்பியோடு பூசைக்கும் போனார்.

"ஆண்டவர் முன்னாடியும் தொப்பியா? எனக்கு மானம் போவுது," என்றார் மர்கரீத்.

"போய்ச் சேரட்டும், கழட்டிடறேன்."

சாமியார் அவருக்குத் தலையில் ஏதோ நோய் என்று நினைத்து, நோயாளிகளுக்கான மன்றாட்டில் அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

பருவத் தொடக்கத்தில் பெசான்கள் இளசு, உலகம் தெரியாதவை. சோளம் ஆளுயரம் நிற்கும், காலடியில் வந்து எழும்பும், சுடத் தெரிந்தவர்களுக்குக் கஷ்டமில்லை. ஐப்பசி பிறந்ததும் இயந்திரம் வந்து சோளத்தை அறுத்துப் போட்டுவிட, ஒளிய இடமில்லாமல் வேலிப்புதருக்கும் வாய்க்காலுக்கும் அவை இடம் மாறும். இந்தப் பெசானுக்கோ அதுவும் முடியவில்லை. ஒரு புதரில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் சன்னங்கள் ஆறஅமர வந்துசேர்ந்துவிடும். கடைசியில் அது தண்டவாளத்தைப் பிடித்துத் தெற்கே நடந்தது. ரயில் வந்தால் ஒதுங்கி நிற்கும், சன்னங்களும் ஒதுங்கி நிற்கும். இப்படியே வந்து கந்தசஷ்டி தொடங்கிய அன்று பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பெலில் மதில் ஏறிக் குதித்து, ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் தவரத்தினமும் அவர் மனைவி கோசலையும் நடத்திய பலசரக்குக் கடைக்குள் நுழைந்து, சிவப்பரிசி மூட்டைகளுக்குப் பின்னால் படுத்துக்கொண்டது. சன்னங்கள் வாசலோடு நின்றுவிட்டன. சுட்டவர் அரசாங்க உத்தியோகத்தர், கூரைக்குக் கீழே சுடக் கூடாது என்ற விதி அவற்றுக்கும் தெரிந்திருந்தது. வாழைப்பூப் பெட்டிக்கு மேலே மெல்ல இரைந்துகொண்டு காத்திருந்தன. எபினேயிலிருந்து வந்த ஒரு வாடிக்கையாளர் ஈ இலையான் மொய்க்கிறது என்று தவரத்தினத்தை ஏசினார். இன்னது என்று தெரிந்தபிறகு யாரும் ஏசவில்லை. சன்னம் பறக்கிற ஊரிலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்களுக்கு, மெதுவாகப் பறக்கிற சன்னம் ஒரு முன்னேற்றமாகவே பட்டது. தலையைக் கொஞ்சம் குனிந்து உள்ளே போய் முருங்கைக்காய் வாங்கினார்கள்.

தவரத்தினம் மட்டும் கலங்கிப்போனார். அவருக்கு அந்தப் பறவை யாரென்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

"வாலைப் பாரும், மயில். முகத்தைப் பாரும், சேவல். முருகன் சூரனை ரெண்டாப் பிளந்து விட்டவர். இஞ்சத்தைக் குளிருக்கு ரெண்டு பாதியும் திரும்ப ஒட்டியிட்டுது. வெளியிலை நிக்கிறது வேல். நாங்கள் குறுக்கை நிக்கப்படாது."

கோசலை ஆறு நாள் விரதத்தில் முதல் நாள், பேச்சை வளர்க்கிற தெம்பில் இல்லை. "ஒட்டினா ஒட்டட்டும். பசிக்குதெண்டு வந்து நிக்குது," என்று சொல்லி ஒரு கை குருணையை எடுத்துப் போட்டார். சூரன்போர் நாளில் பெசான் தன்பாட்டில் சிறகு கோதிக்கொண்டிருந்ததைப் பார்த்தபிறகு தவரத்தினமும் பாதி சமாதானமானார்.

ரொபேர் கார்த்திகையில் வந்து சேர்ந்தார். பெசானைத் தேடி அவர் அலையவில்லை, சன்னங்கள் தெருவில் நிற்கின்றன என்று ஊரெல்லாம் பேச்சு. வாசலில் அவற்றைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு நெருக்கமாக, அவ்வளவு நேராக, அவர் வாழ்க்கையில் எதையும் குறிவைத்ததில்லை.

"அம்மா, அது என் பறவை. நான் சுட்டது."

"சுட்டனீங்களோ? உயிரோடை நிண்டு அரிசி தின்னுது."

"இன்னும் போய்ச் சேரலைம்மா."

"சேராது, ஐயா. தஞ்சமெண்டு வந்ததை நான் வெளியிலை விடமாட்டன். தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?"

ரொபேர் தேநீர் குடித்தார். மார்கழி முழுவதும் குடித்தார். வெறுங்கையோடு கடையை விட்டுப் போவது மரியாதையில்லை என்று ஒவ்வொரு முறையும் எதையாவது வாங்கினார். ஆர்ஜொந்தெய் வீட்டில் பனங்கிழங்கைக் காயவைத்து அரைத்த ஒடியல் மா குவிந்தது, அதை என்ன செய்வதென்று மர்கரீத்துக்குத் தெரியவில்லை. தேநீருக்கு இடையில் சங்கத்தின் கதை, தொப்பியின் கதை, எமிலின் இரக்கம் எல்லாவற்றையும் அவர் சொல்லிவிட்டார். தவரத்தினம் இந்தப் பக்கம் தலையாட்டினார், அந்தப் பக்கம் குருணையும் போட்டார்.

ஜனவரி பெசான் வேறு பிறவி. மிஞ்சியிருப்பவை எல்லாம் கிழச் சேவல்கள், கார்க்கதவு சாத்தும் சத்தத்திலேயே ஆளை எடைபோட்டுவிடும். உறைபனியில் அடர்ந்த மறைவை விட்டு அசையாது, அசைந்தாலும் பறக்காது, ஓடும். ரொபேர் பாடம் படித்தபடி எல்லாம் செய்தார். சத்தமில்லாத சப்பாத்துப் போட்டுக்கொண்டு, காற்றுக்கு எதிராக மெத்ரோப் பக்கமிருந்து வந்தார். ஓடும் வழியை மறிக்க மிளகாய்த்தூள் அடுக்கின் முடிவில் ஒரு வாடிக்கையாளரை நிற்க வைத்தார். பெசான் அவர் கால்களுக்கு நடுவே ஓடித் தேங்காயெண்ணெய்ப் போத்தல்களுக்குப் பின்னால் போனது. எமிலின் நாயை இரவல் வாங்கி வந்தார். அது கருவாட்டுத் தட்டுக்கு முன்னால் ஒரு காலைத் தூக்கிக் குறிகாட்டி நின்றது, மாலைவரை அசைக்க முடியவில்லை.

பருவத்தின் கடைசி நாளும் வந்தது. பொழுது சாய்ந்தால் வேட்டை மூடப்படும். அதற்குப் பிறகு சன்னம் போய்ச் சேர்ந்தால் அது திருட்டு வேட்டை, சட்டிக்கு ஆகாது. அன்று ரொபேர் ஓடியாடி ஒன்றும் செய்யவில்லை. கடை நடுவில் வந்து சும்மா நின்றார். நடக்கிற ஆளைக் கிழச் சேவல் பொறுத்துக்கொள்ளும், நின்றுவிட்ட ஆளை அதால் பொறுக்க முடியாது. வேட்டைக்காரர்களுக்குத் தெரிந்த பழைய வித்தை இது. பிறகு பெசான் கத்திக்கொண்டு மூட்டைகளுக்கு மேலே எழும்பி, நேரே வாசல் வழியாகத் தெருவுக்குப் பாய்ந்து, பனியில் சறுக்கி எதிர் நடைபாதையில் விழுந்தது. சன்னங்கள் இரைச்சலை நிறுத்தின. ஒன்றுகூடித் திரும்பின.

கோசலை வெளியே ஓடிப் பெசானைத் தூக்கி மாரோடு அணைத்துக்கொண்டார். சன்னங்கள் தெருவைக் கடந்து, அதே கைத்தடி வேகத்தில், அவரை நோக்கி வந்தன.

"தள்ளுங்கம்மா! ஓடுங்க!" என்று கத்தினார் ரொபேர்.

"நான் ஒருக்கா ஓடினது காணும், ஐயா. இனி ஓடமாட்டன்."

அவர் குரலில் கோபம்கூட இல்லை. சன்னங்கள் ஒரு முழத் தூரத்துக்கு வந்துவிட்டன. இன்னும் ஒரு மூச்சு, ரொபேர் வாழ்நாளில் சுட்ட ஒரே நல்ல வெடி போய்ச் சேர்ந்துவிடும். அந்த வெடிக்கும் பறவைக்கும் நடுவில், மாதக்கணக்காகத் தனக்குத் தேநீர் ஊற்றித் தந்த பெண் நிற்கிறார் என்பதை அவர் பார்த்தார். உச்சி முதல் பாதம்வரை வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. தொப்பியைக் கழற்றினார். தவறிவிட்டேன் என்று முதலில் தமிழில் சொன்னார், சன்னங்கள் நிற்கவில்லை. பிறகு சங்கத்தில் சொல்வதுபோலப் பிரெஞ்சில், தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி சொன்னார். வழக்கம் தெரிந்த தவரத்தினம் வாழைப்பூப் பெட்டியை இரண்டு கையாலும் தட்டினார். ஏன் என்று தெரியாமலே பக்கத்துக் கடைக்காரர்களும் கிடைத்ததைத் தட்டினார்கள். சன்னங்கள் பொலபொலவென்று நடைபாதையில் உதிர்ந்தன.

வெறுந்தலையோடு வீடு வந்தவரை மர்கரீத் வாசலிலேயே பார்த்துவிட்டார். "என்ன, போய்ச் சேந்துதா?"

"தவறிட்டேன்."

மர்கரீத் அவர் கையிலிருந்த தொப்பியை வாங்கி ஆணியில் மாட்டினார். "சரி, கையக் கழுவிட்டு வாங்க. முட்டைக் குழம்பு வச்சிருக்கேன்," என்றார்.

ரொபேர் வேட்டையை விடவில்லை, குறியும் தேறவில்லை. ஆனால் பெசான்களுக்குள் எப்படியோ செய்தி பரவியிருந்தது. அடுத்த பருவத்தின் கடைசி வாரங்களில், உறைபனியும் துப்பாக்கிகளுமாக வயல் நெருக்கும்போது, உவாஸ் மாவட்டத்தில் மிகப் பத்திரமான இடம் ரொபேரின் முதுகுக்குப் பின்புறம் என்று கிழச் சேவல்கள் கண்டுபிடித்துவிட்டன. அவர் நடந்தால் வரிசையாகப் பின்னால் நடந்தன, அவர் நின்றால் நின்றன. இவை பார்த்துக்கொண்டு நிற்க, அவர் பையில் செத்த பறவை எதையும் வைக்க எமிலுக்கு மனம் வரவில்லை. சாயந்தரம் பெசான்கள் ரயிலேறி அவரோடேயே பாரிசின் கார் து நோர் நிலையத்தில் வந்து இறங்கின. சிறிய நாய்க்கு உள்ள கட்டணத்தையே பரிசோதகர் இவற்றுக்கும் போட்டார். பிலிப்-து-ஜிராரில் பேருந்து நின்று வழிவிடும், பெசான்கள் பறக்காமல் நடந்தே கடக்கும். கடை வாசலில் நின்ற தவரத்தினம் தூரத்திலேயே பார்த்து உள்ளே குரல்கொடுப்பார்.

"இஞ்சாரும், ஐயாவுக்கு இண்டைக்கு நல்ல வேட்டை."

கோசலை குருணை மூட்டையை அவிழ்ப்பார்.