ஐந்தரை அடி பின்னால்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. மொன்றியல் சங்கம் ஒன்றின் ஆண்டு மலருக்கு, "எங்கள் பகுதி பேஸ்போல் அரங்கு: வரலாறும் வசதிகளும்" என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். இரண்டு பக்கம், ஒரு படம், யாரோடும் சண்டை வராத விஷயம். நானும் தலையை ஆட்டிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கொப்பியும் பேனையுமாக நகரின் வடக்கே அஹுன்ட்சிக் பக்கம் போனேன். அங்கே ஆனந்தராசாவைக் கண்டேன். கட்டுரை அன்றோடு சரி.

(வரைபடத்தில் அரங்கைத் தேடாதீர்கள், அது நான் கட்டியது. ஆனந்தராசாவையும் நானேதான் செய்தேன். அவர் அதை ஒத்துக்கொள்வதில்லை.)

2.

முதல் தொடக்கம்: "ஐம்பத்தெட்டாம் ஆண்டு, ஒரு சோளக் காணியில்..." விட்டுவிட்டேன். எல்லா அரங்கும் ஏதோ ஒரு காணியில்தான் தொடங்கியிருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "மாலைச் சூரியன் மெல்ல..." எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

மூன்றாவது வசதிகளில் தொடங்குகிறது. அது இருக்கட்டும். மர வாங்குகளில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கலாம். விளக்குக் கம்பங்கள் நான்கு, எரிவது மூன்று. புள்ளிப் பலகையில் எண்களைக் கையால் மாட்டவேண்டும். ஏழாம் எண் எப்போதோ தொலைந்துவிட்டதால், ஒரு அணி ஏழு எடுத்தால் எட்டு வரும்வரை ஆறையே தொங்கவிடுவார்கள். பூத்தின் என்கிற உருளைக்கிழங்குப் பொரியலும் கோப்பியும் விற்கும் ஜன்னல் ஒன்று. ஜன்னலுக்குள் பற்றிக். அவனிடம் பிறகு வருவோம்.

3.

ஆனந்தராசா அரங்கின் பராமரிப்பாளர், வயது ஐம்பத்தெட்டு. புல் வெட்டுவார், கோடு போடுவார், திறப்பார், பூட்டுவார். (முதல் பிரதியில் இவருக்கு ஒரு இருமல் வைத்திருந்தேன், நீங்கள் இரக்கப்படட்டும் என்று. எடுத்துவிட்டேன். மனிதர் நல்ல சுகம்.) கிரிக்கெட்டில் ஊறிய அவருக்குப் பேஸ்போலில் ஒரேயொரு மனத்தாங்கல்தான்.

"அடிச்சுப்போட்டு மட்டையை எறிஞ்சிட்டெல்லோ ஓடுறாங்கள். மட்டைக்கு ஒரு மரியாதை வேண்டாமோ?"

பதினான்கு வருடங்களுக்கு முன், அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வசந்தத்தில், எறிபவர் நிற்கும் மண்மேட்டைப் புதிதாகக் கட்டச் சொன்னார்கள். மேட்டின் உச்சியில் ஒரு வெள்ளை ரப்பர்ப் பட்டி பதிக்கவேண்டும். அதில் கால் வைத்துத்தான் எறிவார்கள். தூரம் எழுதிய தாள் சட்டைப் பையிலேயே மழையில் கரைந்துவிட்டது. திரும்பக் கேட்கக் கூச்சம். அதோடு, எறிகிறவனுக்கும் அடிக்கிறவனுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று ஒன்பது வயதிலிருந்து தெரிந்த மனிதர் அவர். இதைப் போய் ஒருவரிடம் கேட்பதாவது! அடிப்பவர் நிற்கும் வெள்ளைத் தட்டிலிருந்து இருபத்திரண்டு எட்டு வைத்து நடந்தார். ஓர் எட்டு ஒரு யார், மூன்று அடி. இருபத்திரண்டு யார் முடிந்த இடத்தில் பட்டியைப் பதித்தார். நன்றாக, உறுதியாகவே பதித்தார்.

அது கிரிக்கெட்டின் அளவு, அறுபத்தாறு அடி. பேஸ்போலுக்கு அறுபதரைதான்.

4.

(அவசரக்காரர் இதைத் தாண்டிப் போகலாம். "ஒருத்தருமா கவனிக்கேல்லை?" என்று என் முதல் வாசகி வித்தியா கேட்டாள். வந்த அணிகள் முணுமுணுத்தன. தோற்றவன் முணுமுணுப்பை யார் காதில் வாங்கினார்கள்? இலையுதிர் காலத்தில் வடிகால் வேலைக்காக மேட்டை இடித்து, வேறொருவர் நாடா பிடித்து அளந்து சரியாகப் பதித்தார். அடுத்த வசந்தத்தில் அளவுகள் அச்சடித்த தாள் கைக்கு வந்தபோதுதான் ஆனந்தராசாவுக்குத் தன் பிழை தெரிந்தது.)

அந்தக் கோடையில் பந்து ஐந்தரை அடி கூடுதலாகப் பயணம் செய்தது. அடிப்பவர்களுக்குக் கொண்டாட்டம். ஜன்னலுக்குள் இருக்கும் அதே பற்றிக், அன்று இளைஞன், இருபத்து மூன்று முறை பந்தை வேலிக்கு வெளியே அனுப்பினான். அரங்கின் சாதனை, இன்றைக்கும். அதற்கு முன்னும் பின்னும் அவன் ஐந்தைத் தாண்டியதில்லை.

அதே அணிக்கு எறிந்தவன் டனிஸ்ரன், வயது இருபது. அணியில் ஒரே தமிழன். அவன் கையின் வேகத்தைப் பூங்கா ஒன்றில் கண்டு ஆனந்தராசாதான் கூட்டிவந்தார். அவன் எறிந்ததெல்லாம் தட்டுக்கு வருமுன் சோர்ந்து விழுந்தது. முழுக்கோடையும் அடி வாங்கினான். ஆகஸ்டில் கையுறையைக் கழற்றி வாங்கில் வைத்துவிட்டுப் போனவன், பிறகு பந்தைத் தொடவேயில்லை.

இப்போது பஸ் ஓட்டுகிறான். ஞாயிறுகளில் வந்து ஆட்டம் பார்ப்பான். யாராவது நன்றாக எறிந்தால் சொல்வான்: "எனக்குக் கையில வேகம் காணாது அண்ணை. அவ்வளவுதான்."

பதின்மூன்று வருடமாக ஆனந்தராசா இதற்கு "ம்" சொல்லி வருகிறார். ஒவ்வொரு "ம்"முக்கும் தன்மேலேயே அவருக்கு அருவருப்பு.

5.

அரங்கின் வாசலில் பலகை வைக்கப் போகிறார்கள். வரலாறு, வசதிகள், சாதனைகள். விபரமெல்லாம் சரியென்று ஆனந்தராசா திங்கட்கிழமைக்குள் கையெழுத்திட வேண்டும். மூன்றாவது வரி: பற்றிக், இருபத்து மூன்று.

"என்ர பேர் பெரிசா வருமோ?" என்று பற்றிக் ஜன்னலுக்குள்ளிருந்து ஐந்தாவது தடவையாகக் கேட்டான். (அவன் கேட்டது கியூபெக் பிரெஞ்சில். அவன் வாயில் யாழ்ப்பாணத்தை வைத்தது என் வேலை.) "லவாலில இருந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாறன். படம் எடுக்கோணும்."

பற்றிக்கிடமிருந்து சாதனையைப் பறிக்காமல் டனிஸ்ரனுக்கு உண்மையைக் கொடுக்க வழியில்லை. கையெழுத்திட்டால் பொய் வாசலில் நிற்கும், டனிஸ்ரன் ஒவ்வொரு ஞாயிறும் அதைத் தாண்டி உள்ளே வருவான்.

6.

முடிவு அ: ஆனந்தராசா பேசாமல் கையெழுத்திட்டு... எழுதி முடித்தபோது அவரை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

முடிவு ஆ: பற்றிக்கிடம் எல்லாவற்றையும் சொல்கிறார். பற்றிக் விழுந்து விழுந்து சிரித்து, அவருக்கு ஒரு பூத்தின் இலவசமாக... இதை நான் நம்பவில்லை. வாழ்க்கையில் வாய்த்த ஒரேயொரு கோடையைப் பிடுங்கினால் யார் சிரிப்பார்கள்?

முடிவு இ: மழை.

(மழையை அடித்துவிட்டேன். வழி தெரியாதபோது மழையைப் பெய்யவிடுவது என் பழைய கெட்ட பழக்கம்.)

நான் பேனையைக் கடித்துக்கொண்டிருக்க, ஆனந்தராசா பொறுமையிழந்து எழுந்தார். களஞ்சிய அறைக்குள் போய் அளவு நாடாவோடு வந்தார்.

7.

ஞாயிறு மதியம். ஆட்டத்துக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.

"பலகைக்குத் தூரம் எழுதோணுமாம், அளப்பம்," என்று பற்றிக்கைப் பிரெஞ்சில் கூப்பிட்டு, நாடாவின் நுனியைக் கொடுத்து வெள்ளைத் தட்டில் பிடிக்கச் சொன்னார். நாடாப் பெட்டியை டனிஸ்ரனிடம் கொடுத்து மேட்டுக்குக் கூட்டிப்போனார். டனிஸ்ரன் வெள்ளைப் பட்டியில் கால் வைத்தான்.

"அதில இல்லை. இன்னும் பின்னால வா."

"ஏன் அண்ணை? பட்டி இஞ்சதானே கிடக்கு."

"வா, சொல்லுறன்." ஐந்தரை அடி பின்னால் கூட்டிவந்து நிறுத்தினார். "அந்த வருசம் பட்டி கிடந்தது இதில. நான்தான் தாட்டனான். கிரிக்கெட் கணக்கில எட்டு வைச்சு அளந்துபோட்டன். அடுத்த வருசமே எனக்குத் தெரியும். வாய் திறக்கேல்லை. என்னை மன்னிச்சுக்கொள்ளு."

டனிஸ்ரன் தட்டைப் பார்த்தான். தூரத்தில் பற்றிக் குந்தியிருந்தான். காலடியைப் பார்த்தான். மறுபடி தட்டைப் பார்த்தான்.

"அப்ப என்ர கை?"

"உன்ர கைக்கு ஒண்டுமில்லையடா."

அவன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பஸ் ஓட்டும் கை. ஆனந்தராசாவுக்கு அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டார்.

"கையெழுத்து என்ரதான், ஆனா கோடை உன்ரது," என்றார். "நீ சொல்லுறதுபோல செய்யிறன்."

பற்றிக்குக்குத் தமிழ் தெரியாது. தட்டில் குந்தியபடி, நாடா நுனியைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு, சந்தோஷமாகக் கத்தினான்:

"எத்தினை? பலகைக்கு எத்தினை எண்டு எழுத?"

எண் டனிஸ்ரனின் கையில் இருக்கிறது. அவன் நிற்கிற இடத்தில் அறுபத்தாறு, அதைச் சொன்னால் பற்றிக்கின் இருபத்து மூன்று போய்விடும். இரண்டு எட்டு முன்னால் போய்ப் பட்டியில் நின்றால் அறுபதரை, பலகை அப்படியே நிற்கும். ஆனந்தராசா அவனைப் பார்க்கிறார். அவன் என்னைப் பார்க்கிறான். நான் கொப்பியை மூடிவிட்டேன், அந்தக் கோடையில் நான் ஒரு பந்துகூட எறியவில்லை.

அவன் இப்போது உங்களைப் பார்க்கிறான். நாடா விறைப்பாக நிற்கிறது. பற்றிக் இரண்டாம் தடவையும் கேட்டுவிட்டான்.