துடைத்து வைத்த சுவர்

வீட்டுவசதி வாரியத்திலிருந்து இரண்டாவது கடிதமும் வந்துவிட்டது. அதை அவள் நின்றபடி ஒரு தடவை, உட்கார்ந்து ஒரு தடவை, கதவைத் தாழ் போட்டுவிட்டு ஒரு தடவை வாசித்தாள். மூன்று தடவையும் அது ஒன்றையேதான் சொன்னது. 'தங்கள் வீட்டை நேரில் ஆய்வு செய்ததில் வெள்ளத்தால் ஏற்பட்ட சேதம் எதுவும் தென்படவில்லை. சுவரில் இருப்பதாகக் கூறப்படும் ஈரம், வீட்டுக்குள் துணி உலர்த்துவது போன்ற குடியிருப்போரின் பழக்கங்களால் ஏற்பட்டிருக்கலாம்.'

துணி என்ற இடத்தில் அவள் விரல் நின்றது. துணிப் பேச்சு எங்கிருந்து வந்தது?

அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். குடியிருப்பில் எல்லோருக்கும் லாண்டரி அக்கா. அங்கே ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்புகள் அவள் கையைத் தாண்டிப் போகும். ஆனால் வேலையிடத்துத் துணி ஒன்றுகூட அவள் வீட்டு வாசலை மிதித்ததில்லை. லாண்டரிக்காரி, வீட்டிலும் ஊர்த் துணியைத் துவைத்துக் காயப்போடுகிறாள் என்று யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அவள் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. டிரில் வாத்தியார். ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகியும் படிக்கட்டில் குழந்தைகளை வரிசையாக இறங்கச் சொல்லும் மனிதர். அவரைத் தவிர யாருக்கு இவ்வளவு நேரமிருக்கிறது?

நாலு மாதத்துக்கு முன் ஒரு காலையில், பின்பக்கக் கால்வாய் கரையை உடைத்துக்கொண்டு குடியிருப்புக்குள் வந்தது. இரண்டு மணி நேரத்தில் கட்டில் மறைந்தது. அவளும் அவள் கணவரும் மாடிப்படியில் உட்கார்ந்து, தங்கள் வீட்டுப் பாத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசலைத் தாண்டி மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பஸ் ஓட்டுநர். பாத்திரங்களைப் பார்த்து, "எல்லாரும் டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்டார். அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு கட்டில் ஊதிப்போய்க் கிடந்தது. இருந்த ஒரே பெஞ்சை அவளுக்குக் கொடுத்துவிட்டு அவர் சுவரோரம் தரையில் படுத்தார். வாரியத்துக்கு முதல் மனுவை எழுதியதும் அவர்தான். மனுவை அனுப்பிய வாரமே அவருக்கு இருமல் வந்தது. வெள்ளம் வந்த இருபத்தாறாம் நாள் அவர் இல்லை. மருத்துவர் நுரையீரல் என்று எழுதினார். சுவர் என்று எழுதியிருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம்.

அவர் போனதை அவள் வாரியத்துக்குச் சொல்லவில்லை. வீடு அவர் பெயரில் இருந்தது. இரண்டு அறை வீட்டைத் தனியாளுக்கு விடமாட்டார்கள், பின் கட்டடத்தில் ஒருத்தியைப் புருஷன் போன மூன்றாம் மாதமே ஊர்க்கோடிக்கு மாற்றிவிட்டார்கள் என்று சலவைக்கூடத்தில் பேச்சு. அதனால் இரண்டாவது மனுவை அவளே எழுதி, அவர் கையெழுத்தை அவளே போட்டாள். இருபத்தெட்டு வருடம் பார்த்த கையெழுத்து. போடுவதில் சிரமம் இருக்கவில்லை. போட்டு முடித்த பிறகுதான் சிரமமாக இருந்தது.

அடுத்த நாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வாரிய அலுவலகத்துக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் டோக்கனை வாங்கிக்கொண்டு கோப்பை எடுத்துவந்தாள்.

"யாரும்மா நீங்க?"

"அவர் சம்சாரம். அவருக்கு டூட்டி."

சொல்லும்போது கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்க்காமல் இருந்தாள்.

"ரெண்டு தடவை வந்து பார்த்திருக்காங்களே. சேதம் இல்லைன்னு இருக்கு."

"எந்த வீட்டைப் பார்த்தாங்களோ? கருப்பா, உள்ளங்கை உள்ளங்கையா பூஞ்சை பூத்துக் கிடக்கு. அது கண்ணுக்குத் தெரியலையா?"

அந்தப் பெண் ஒரு புகைப்படத்தைக் கண்ணாடியோடு ஒட்டிக் காட்டினாள். வெள்ளைவெளேரென்று ஒரு சுவர்.

"இது என் வீடே இல்லை" என்றாள் அவள். குரல் உயர்ந்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வேற வீட்டுப் படத்தை எடுத்து வச்சிருக்கீங்க. எனக்குத் தெரியும், இப்படித்தான் பண்ணுவீங்கன்னு."

"இதே கதவு எண்தான்மா. பாருங்க, இப்படி ஒரு வீட்டை நான் பார்த்ததே இல்லை. எங்க வீடெல்லாம் கேவலம்."

அவள் கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். படத்தின் கீழ் மூலையில் ஒரு வாளி. வாளிக்குள் நின்றபடி ஒரு தேய்க்கும் பிரஷ். அதன் கைப்பிடியில், சலவைக்கூடத்துச் சாமான்களோடு கலந்துவிடக்கூடாதென்று அவளே சுற்றிய சிவப்பு நூல்.

இரண்டு தடவையும் ஆள் வருகிறான் என்று தகவல் வந்ததும் அவள் விடியலில் எழுந்து சுவர் முழுவதையும் ப்ளீச் போட்டுத் தேய்த்திருந்தாள். ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி உலர்த்தியிருந்தாள். ஒரு வெளியாள் வீட்டுக்குள் வரும்போது கறை தெரிய நின்று பழக்கமில்லை. அதுவும் அந்தச் சுவர். அதில் ஒரு புள்ளி தெரிந்தாலும் அவள் கை சும்மா இருந்ததில்லை. இருபது வருடமாகக் கறையை இல்லாமல் ஆக்குவதற்குத்தான் சம்பளம் வாங்குகிறாள். வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தாள்.

"அப்போ அந்தத் துணி?" என்று இறங்கிய குரலில் கேட்டாள். "துணி காயப்போடறதுன்னு யார் சொன்னாங்க?"

"அதுவா? அது எல்லாருக்கும் போற வரிம்மா. அச்சடிச்சே வச்சிருக்கோம்."

மறு ஆய்வுக்கு ஒரு தேதி எழுதிக்கொண்டு அந்தப் பெண் கோப்பை மூடினாள். மூடும்போது தாள்கள் விசிறிபோல் விரிந்து அடங்கின. அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். குண்டு குண்டாக, கோடு பிசகாத எழுத்து. 'மோட்டாரை நிறுத்தவும்', 'படியில் ஓடாதீர்' என்று மாடிப்படியெங்கும் ஒட்டியிருக்கும் அதே எழுத்து.

நினைத்தது சரிதான். வழியெல்லாம் அவள் நடை வேகமாக இருந்தது.

வாத்தியார் முதல் படியில் உட்கார்ந்து காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதினீங்க வாரியத்துக்கு?"

அவர் நிமிரவில்லை. நாடாவை முடித்துவிட்டுத்தான் பேசினார். "உள்ளதை எழுதினேன். கீழ் வீட்டுல சுவரெல்லாம் ஓதம் ஏறிக் கிடக்கு, ஓட்டுநர் காலமாயிட்டார், அந்தம்மா தனியா இருக்காங்க, சீக்கிரம் வந்து சரி பண்ணுங்கன்னு."

"அவர் போனதையுமா எழுதினீங்க?"

"ஏன், அது ரகசியமா? ஊரே கூடித் தூக்கிட்டுப் போனோம்."

அந்தக் கோப்பில் இப்போது இரண்டு தாள்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் அவர் இறந்துவிட்டார். இன்னொன்றில், இறந்த பிறகு கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"உங்களை யார் கேட்டா? எங்க விஷயத்துல உங்களுக்கு என்ன அவ்வளவு அக்கறை?"

"அக்கறையும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்றார் வாத்தியார். "உன் சுவர் ஓதம் மேலே ஏறி என் அலமாரிக்கு வந்தாச்சு. நான் விளையாட்டுல ஜெயிச்ச கோப்பைகள், சான்றிதழ் எல்லாம் பாசி பிடிக்குது. உன்னைப் பத்தி எழுதினா சீக்கிரம் வருவாங்கன்னு எழுதினேன். என்னைப் பத்தி எழுதினா எவன் வருவான்?"

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பொய் தெரியவில்லை. விசித்திரமாக, அவளுக்குச் சற்று மூச்சு வந்தது. சும்மா உதவுகிறேன் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். சொந்தக் காரியத்துக்காக என்றால் நம்பலாம்.

அடுத்து வந்த பத்து நாளும் அவள் பிரஷைத் தொடவில்லை. சொல்வது எளிது. மூன்றாம் நாள் சுவரில் புள்ளிகள் வந்தன. ஆறாம் நாள் அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. எட்டாம் நாள் காறை குமிழாக எழும்பி, தரையோரமாக ஒரு கீற்று உதிர்ந்தது. வேலைக்குப் போகும்போது சுவரைப் பார்க்காமல் செருப்பு மாட்டினாள். பிரஷ் கண்ணில் படக்கூடாதென்று அதை வாத்தியார் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். "நான் கேட்டாலும் கொடுக்காதீங்க" என்றாள். ஒன்பதாம் நாள் கேட்டாள். அவர் கொடுக்கவில்லை.

ஆய்வுக்கு வந்தவர் முன்பு வந்த அதே ஆள். இடுப்பில் எப்போதும் ஒரு டேப் தொங்கும், அதை அவர் இழுத்து அவள் பார்த்ததில்லை. மனதுக்குள் அவருக்கு டேப்புக்காரர் என்றே பெயர் வைத்திருந்தாள். கையில் கோப்பும் இருந்தது. சுவருக்காக வந்தாரா, கையெழுத்துக்காக வந்தாரா என்று அவளுக்குப் புரியவில்லை. நாற்காலியைக் கதவுக்கும் அவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

அவர் உள்ளே வந்ததும் நின்றுவிட்டார்.

"என்னம்மா இது?"

"போன தடவையும் இதேதான். நான் துடைச்சு வச்சிருந்தேன்."

"துடைச்சா?" அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பையிலிருந்து, முனையில் இரண்டு ஊசிகள் உள்ள, ஈரம் அளக்கும் ஒரு கருவியை எடுத்துச் சுவரில் குத்தினார். அது கத்தியது. ஓரடி தள்ளிக் குத்தினார். அங்கேயும் கத்தியது. எதிர்ச்சுவரில் குத்தினார், அங்கும் கத்தியது.

"இது முன்னாடி எங்க இருந்துச்சு?" என்று அவள் கருவியைக் காட்டிக் கேட்டாள்.

"வண்டியில."

"ரெண்டு தடவையுமா?"

அவர் எழுதத் தொடங்கினார். பூச்சை உடைத்து எடுக்க வேண்டும், தரையையும் பார்க்க வேண்டும், ஆறு நாள் வேலை. எழுதிக்கொண்டே கோப்பைப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் நிறுத்தினார். அது எந்தப் பக்கம் என்று அவளுக்கு இங்கிருந்தே தெரிந்தது. வாத்தியார் கடிதத்தைப் பார்த்தார். மறுபடியும் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். தேதிகளின் மேல் அவர் பேனா இரண்டு முறை போய்வந்தது.

"இது யார் போட்ட கையெழுத்து?"

அவள் நாற்காலியைக் கதவோடு ஒட்டி நகர்த்தினாள்.

அவர் பேனாவை மூடினார். "சரி. இதை நான் பார்க்கலை. உங்க பேர்ல புதுசா ஒரு மனு எழுதுங்க."

"ஏன்?" என்றாள் அவள். சந்தேகம் முகத்தில் அப்படியே நின்றது. "ஏன் பார்க்கலை?"

"பார்த்தேன்னா விளக்கம் கேப்பாங்க. அப்போ அந்த ரெண்டு ஆய்வையும் யார் செஞ்சதுன்னும் கேப்பாங்க. நான்தான் செஞ்சேன்." கருவியைப் பைக்குள் போட்டார். "இறப்புச் சான்றிதழ் கொடுத்துப் பேரை மாத்துங்க. பேர் மாறினாத்தான் வேலை உத்தரவு வரும்."

"மாத்தினா வீடு எனக்கு இருக்குமா?"

"இருபது வருஷத்துக்கு மேல கூடவே குடியிருந்த சம்சாரத்தை எடுக்க மாட்டாங்கம்மா."

"அதை எழுதிக் கொடுங்க."

"எதை?"

"இப்போ சொன்னீங்களே, அதை."

அவர் எழுதினார். அவள் தேதியும் போடச் சொன்னாள்.

இறப்புச் சான்றிதழை மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வாத்தியாரிடமும் ஒன்றை வேலையிடத்து அலமாரியிலும் வைத்துவிட்டு, மூன்றாவதை மூலத்தோடும் புது மனுவோடும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். கண்ணாடிப் பெண் அவளை அடையாளம் கண்டுகொண்டாள். டூட்டி என்று சொன்னதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. சான்றிதழை மேலிருந்து கீழாக வாசித்துவிட்டுக் குடியிருப்பு அட்டையை எடுத்து, அவர் பெயருக்கு மேல் ஸ்கேலை வைத்தாள்.

"அடிக்காம, பக்கத்துல எழுத முடியாதா?"

"முடியாதும்மா. ஒரு வீட்டுக்கு ஒரு பேர்தான்."

சிவப்பு மையில் ஒரே கோடு. கோணாமல் போட்டாள். அதற்குக் கீழே அவள் பெயரை எழுதி முத்திரை குத்தினாள். அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள் படிக்கட்டிலேயே அதை நாலு தடவை வாசித்தாள். மாற்றத்துக்கு உட்பட்டது, தற்காலிகமானது என்று எங்கேயாவது பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பின்பக்கமும் திருப்பிப் பார்த்தாள். இல்லை. இல்லாததே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. கோட்டுக்கு அடியில் அவர் பெயர் இன்னும் படிக்க வந்தது.

பன்னிரண்டு நாள் கழித்துக் கொத்தனார் வந்தார். கூட ஒரு பெண் மண் அள்ள.

"அக்கா, ஒரே தூசியா இருக்கும். சொந்தக்காரங்க யார் வீட்டுலயாவது போய் இருந்துட்டு வாங்களேன்."

"நான் இங்கேயே இருக்கேன்."

"ஆறு நாளுமா?"

"ஆறு நாளும்."

"வீட்டைத் தூக்கிட்டா போயிடப் போறோம்?"

"யாரு கண்டா?" என்றாள் அவள்.

மண் அள்ள வந்தவள் சிரித்துவிட்டாள். கொத்தனார் உளியை வைத்து அடித்தார். முதல் பாளம் விழுந்ததும் உள்ளேயிருந்த செங்கல் தெரிந்தது. கருத்து, நனைந்து, கால்வாய் நாற்றம் அப்படியே இருந்தது.

"காயற வரைக்கும் இந்தப் பக்கம் யாரும் படுத்துடாதீங்கக்கா. நெஞ்சுக்கு ஆகாது."

"படுத்தவர் போயாச்சு" என்றாள்.

கொத்தனார் கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து உத்தரவுத் தாளை எடுத்துப் பார்ப்பதுபோல் பார்த்தார். "மூணடி உயரத்துக்கு உடைக்கணும்னு போட்டிருக்காங்க" என்றார் மெதுவாக.

"மூணடியா? தண்ணி நின்னது அதுக்கு மேலே."

"உத்தரவுல அப்படித்தான்க்கா இருக்கு."

அவள் எழுந்து உடைந்த காறையை மிதித்துக்கொண்டு சுவரிடம் போனாள். தன் மார்புக்கு நேராகச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். "இங்க நின்னுச்சு. தட்டிப் பாருங்க."

அவர் சுத்தியல் பிடியால் தட்டினார். உள்ளே பொந்து இருப்பதுபோல் சத்தம் வந்தது. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சரி, தள்ளி நில்லுங்க, கண்ணுல தெறிக்கும்" என்றார்.

அவள் தள்ளி நிற்கவில்லை. முகத்தை மட்டும் ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். கொத்தனாரின் உளி கீழேயிருந்து அடி அடியாக ஏறி, அந்த இடத்தைத் தொடும் வரை கையை எடுக்கவில்லை.